காணாமல் போனவர் வழக்கு கொலை வழக்காக மாறும்போது: போலீஸ் விசாரணை படிப்படியாக

1952 ஆகஸ்ட் கடைசியில் தனுஷ்கோடி நோக்கிப் போன போட் மெயிலில், ஒரு பெட்டிக்குள் துர்நாற்றம் தாங்க முடியவில்லை. மானாமதுரையில் வண்டி நின்றபோது, இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் உடல் இருந்தது. யார் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதே நாட்களில் சென்னையில் ஒரு பெண் தன் கணவரைத் தேடிக்கொண்டிருந்தார். பாரிமுனைப் பக்கம் ஒரு பேனா கடையில் இடம்பிடித்து வியாபாரம் செய்தவர், தவணைக்குச் சேலையும் விற்றவர், ஆளவந்தார் என்று பெயர். ஆகஸ்ட் 28 அன்று வெளியே போனவர் திரும்பவில்லை.

சென்னையில் பெயர் இருந்தது, ஆள் இல்லை. மானாமதுரையில் ஆள் இருந்தது, பெயர் இல்லை. இந்த இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்த நாளில்தான் அது கொலை வழக்கு ஆனது. இன்றும் இந்த வகை வழக்குகளின் உயிர்நாடி அதுதான். காணாமல் போனவரின் புகார் ஒரு ஸ்டேஷனில் இருக்கும், அடையாளம் தெரியாத பிணம் வேறொரு மாவட்டத்தின் மார்ச்சுவரியில் இருக்கும். இரண்டையும் சேர்ப்பவர் யார், எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறார் என்பதில்தான் மீதி எல்லாம் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று இந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று முதல் படியிலிருந்து பார்க்கலாம்.

புகார் கொடுக்கும் நாள்

"ஒரு நாள் பொறுத்துப் பாருங்க, வந்துடுவாரு" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள் ஏராளம். 24 மணி நேரம் கழிந்தால்தான் புகார் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காணாமல் போனவர் குழந்தை என்றால் பேச்சே இல்லை: உடனே எஃப்ஐஆர் போட்டு, கடத்தல் நடந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் தேட வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெரியவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் வீட்டை விட்டுப் போவது குற்றமல்ல. அதனால்தான் நம் ஊர் ஸ்டேஷன்களில் குற்றப் பிரிவு எதையும் குறிப்பிடாமல் 'மேன் மிஸ்ஸிங்', 'உமன் மிஸ்ஸிங்' என்ற தலைப்பில் எஃப்ஐஆர் பதிவாகிறது. சில இடங்களில் முதலில் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த ரசீது மனுவை வாங்கிக்கொண்டதற்கான சான்று மட்டுமே. எஃப்ஐஆர் வரும் வரை விடாமல் கேட்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. எந்த ஸ்டேஷன் எல்லை என்ற இழுபறி வந்தால், குற்றம் நடந்ததாகச் சொல்லும் புகாரை எங்கு கொடுத்தாலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-ஆவது பிரிவு வழிசெய்கிறது. பதிய மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்பிக்கு எழுத்தில் அனுப்பலாம்.

புகாரில் என்ன எழுதுகிறோம் என்பது பின்னால் உயிர் போகிற முக்கியம் பெறும். "நீலச் சட்டை" என்று எழுதினால் போதாது. எந்தக் கடையில் எடுத்தது, எந்த டெய்லர் தைத்தது, இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்ததா, எந்தப் பல் அடைத்தது, எந்த எலும்பு முறிந்து கம்பி வைத்தது, பச்சை குத்தியிருந்தால் என்ன எழுத்து, எல்லாம் வேண்டும். அன்றைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஸ்டேஷனில் புகார் எழுதும் நல்ல ரைட்டர் கேட்டுக் கேட்டு எழுதுவார், ஏனென்றால் முகம் சிதைந்த பிறகும் தங்கிவிடும் அடையாளங்கள் இவைதான்.

முதல் இரண்டு நாட்கள்

சாட்சியங்களில் சில காத்திருக்கும், சில காத்திருக்காது. தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை, அதனால் அது ஓடிப்போகாது. தெருமுனை மளிகைக் கடையின் சிசிடிவி அப்படியல்ல. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிக்கொண்டே போகும். சில கடைகளில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. எனவே அனுபவமுள்ள எஸ்ஐ முதலில் கேமராவைத்தான் தேடிப் போவார்: வீட்டு வாசலில் ஆரம்பித்து, பஸ் ஸ்டாப், பெட்ரோல் பங்க், ஏடிஎம், சுங்கச்சாவடி என்று அவர் போயிருக்கக்கூடிய வழியெல்லாம்.

கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று அங்கேயே தன் போனோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டு நிமிடம் முன்னே ஓடும் கேமராவால் ஒரு நிரபராதி சிக்கிக்கொள்ளவும் முடியும், குற்றவாளி தப்பிக்கவும் முடியும்.

கூடவே வழக்கமான தேடல் நடக்கும். ஜிஹெச் அவசரப் பிரிவு, மார்ச்சுவரி, ரயில்வே போலீஸ், உறவினர் வீடுகள். படத்தோடு செய்தி மற்ற ஸ்டேஷன்களுக்குப் போகும், சிசிடிஎன்எஸ் என்ற காவல்துறைக் கணினி வலையில் ஏறும். ஆனால் ஏற்றினால் போதாது. மறுபக்கத்தில் பிணத்தை எடுத்த ஸ்டேஷனும் அதை ஏற்றியிருக்க வேண்டும், யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

போன் சொல்லும் கதை

எஸ்பி அல்லது துணை ஆணையர் அளவிலான அதிகாரி கேட்டால், சிடிஆர் எனப்படும் அழைப்புப் பதிவு வரும். யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். பேசியது என்ன என்பது இருக்காது.

முதலில் கடைசி அழைப்பையும் கடைசி டவரையும் பார்ப்பார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை. காணாமல் போனவரின் போனும் இன்னொருவர் போனும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் டவர் மாறிக்கொண்டே போயிருந்தால், இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள் என்று சந்தேகிக்கலாம். சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டு அதே போனில் வேறு சிம் போட்டால், ஒவ்வொரு போனுக்கும் உரிய ஐஎம்இஐ எண் காட்டிக்கொடுக்கும். உடல் கிடந்த இடத்து டவரில் அந்த இரவு பதிவான எல்லா எண்களையும் வாங்கி, புகார் வந்த ஊரின் டவர் எண்களோடு பொருத்திப் பார்ப்பதும் உண்டு. இரண்டிலும் இருக்கும் எண்கள் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது வேறொன்று: வராத அழைப்பு. காணாமல் போனவருக்கு நாள்தோறும் நான்கைந்து முறை போன் செய்துகொண்டிருந்த ஒருவர், அவர் காணாமல் போன மாலையிலிருந்து ஒரு தடவைகூட முயன்று பார்க்கவில்லை என்றால் ஏன்? அம்மா நூறு முறை அடித்திருப்பார், நண்பர்கள் அடித்திருப்பார்கள். எடுக்க ஆள் இல்லை என்று ஏற்கெனவே தெரிந்தவர் மட்டும்தான் அடிக்க மாட்டார். இது ஆதாரம் ஆகாது, ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லிவிடும்.

செத்தவர் போனிலிருந்து "நான் நலமாக இருக்கிறேன், தேட வேண்டாம்" என்று செய்தி வருவதும் உண்டு. எப்போதும் வாய்ஸ் மெசேஜ் மட்டுமே அனுப்பும் அப்பா திடீரென்று தட்டச்சு செய்தால், குடும்பம் அதை உடனே விசாரணை அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

டவரை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. கிராமப்புறத்தில் ஒரு டவர் பல கிலோமீட்டர் சுற்றளவுக்கு வேலை செய்யும். அது ஊரைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது.

வீட்டாரிடம் கேட்கும் கேள்விகள்

இது எல்லோரையும் நோகடிக்கும் கட்டம். பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருப்பவரிடம் "ராத்திரி எங்கே இருந்தீங்க?" என்று கேட்பார்கள். கேட்டே ஆக வேண்டும். கடைசியாகப் பார்த்தவர், பணம் கொடுக்கல் வாங்கல் உள்ளவர், நிலத் தகராறில் இருப்பவர், கணவன், மனைவி, கூட்டாளி என்று வட்டம் உள்ளிருந்து வெளியே விரியும்.

கெட்டிக்கார அதிகாரி முதல் சந்திப்பில் சந்தேகத்தைக் காட்டிக்கொள்ள மாட்டார். நாள் முழுவதையும் சொல்லச் சொல்வார், இடையில் நிறுத்த மாட்டார். நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்பார். சின்னச் சின்ன மாறுதல் எல்லோருக்கும் வரும், அது நினைவின் இயல்பு. போன் பதிவும் கேமராவும் மறுக்கிற இடத்தில் பிடிவாதமாக ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்பவரைத்தான் கவனிக்க வேண்டும். அழவில்லை என்பதையோ அதிகம் அழுதார் என்பதையோ வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதை நான் வெறுக்கிறேன். துக்கம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக வரும்.

தானாகப் போயிருக்க மாட்டார் என்ற முடிவுக்கு வருவதற்கு வேறு அறிகுறிகள் உண்டு. சர்க்கரை மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் வீட்டிலேயே இருக்கின்றன. வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட எடுக்கப்படவில்லை. மறுநாளுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். இப்படி நாலைந்து சேர்ந்தால் தனிப்படை அமைப்பார்கள்.

குடும்பம் நம்பிக்கை இழந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாகக் காட்டுவதற்கு ஏதாவது அடிப்படை வேண்டும். நீதிபதிகள் நிலை அறிக்கை கேட்கும்போது, தூங்கிக்கொண்டிருந்த கோப்பு நகர ஆரம்பிக்கும்.

மறுபக்கத்துக் கோப்பு: பெயரில்லாத உடல்

இப்போது வேறு ஊருக்குப் போவோம். கண்மாயில் ஒரு உடல் மிதக்கிறது. ஆடு மேய்ப்பவர் பார்க்கிறார், விஏஓவுக்குத் தகவல் போகிறது, அவர் புகாரின் பேரில் சந்தேக மரணம் என்று பதிவாகிறது. பிஎன்எஸ்எஸ் 194-ஆவது பிரிவின்படி பஞ்சாயத்தார், அதாவது அந்தப் பகுதியில் மதிப்புள்ள சிலர், முன்னிலையில் பிரேத விசாரணை நடக்கிறது. உடல் எப்படிக் கிடந்தது, என்ன காயம், என்ன உடை என்று அங்கேயே எழுதுகிறார்கள்.

விசாரணையில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பெயரில்லாத பிணத்துக்கு அழ ஆள் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. இரண்டு படம் எடுத்து, சில நாள் பார்த்துவிட்டுப் புதைத்துவிடலாம். அப்படிச் செய்யாமல் விரல் ரேகை எடுத்து, பல்லோ எலும்போ டிஎன்ஏவுக்கு எடுத்து வைத்து, உடுப்புகளை உலர்த்திக் காகித உறையில் வைக்கிற ஒரு ஏட்டையா எங்கோ ஒரு தாய்க்குப் பதில் கொடுத்தவர் ஆகிறார். ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் போய்விடும்.

கிடைக்கிற எதுவும் சின்னதல்ல. சட்டைக் காலரில் டெய்லர் லேபிள், பழைய நாட்களில் வண்ணான் போட்ட குறி, பையில் பாதி நனைந்த பஸ் டிக்கெட், செருப்பின் கம்பெனி. 1935-இல் ஸ்காட்லாந்தின் மொஃபாட் அருகே ஓடையில் இரண்டு பெண்களின் உடல் பாகங்கள் பொட்டலங்களாகக் கிடந்தன. சுற்றியிருந்த செய்தித்தாளில் ஒன்று, லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் விற்ற சிறப்புப் பதிப்பு. போலீஸ் லங்காஸ்டருக்குப் போனது. அங்கே ஒரு டாக்டரின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமல் போயிருந்தார்கள். மனைவியின் பழைய புகைப்படத்தையும் மண்டையோட்டின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தார்கள். அந்த டாக்டர் பக் ரக்ஸ்டன் 1936-இல் தூக்கிலிடப்பட்டார். மண்டையோட்டுப் பொருத்தம் என்ற முறை பரவலாகப் பேசப்பட்டது அந்த வழக்கிலிருந்துதான்.

நம் பக்கத்தில் அதே முறை பயன்பட்டதற்கு ஓட்டல் அதிபர் ராஜகோபால் மீதான வழக்கு உதாரணம். 2001 அக்டோபர் 26 அன்று சென்னையில் ஒரு இளைஞர் கடத்தப்பட்டார். 31-ஆம் தேதி கொடைக்கானல் டைகர் சோலைக் காட்டில் ஓர் ஆண் உடல் கிடைத்தது. கேட்பாரில்லை என்று அங்கேயே புதைத்தார்கள். எடுத்து வைத்த புகைப்படமும் உடுப்பும் இருந்ததால் பின்னால் குடும்பம் அடையாளம் காட்ட முடிந்தது. உடல் தோண்டி எடுக்கப்பட்டு மண்டையோட்டுப் பொருத்தமும் நடந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கேட்பாரற்ற பிணத்தை எரிக்காமல் புதைக்க வேண்டியதன் அவசியம் இதிலிருந்து புரியும்.

போஸ்ட்மார்ட்டம் மேசையில்

டாக்டரிடம் மூன்று கேள்விகள் போகும்: யார், எப்போது, எதனால்.

'எப்போது' என்பதற்கு மணிக்கணக்கில் துல்லியமான பதில் கிடைக்காது. நம் வெயிலில் உடல் சீக்கிரம் அழுகும். கோடையில் ஒரு நாள் ஆவதற்குள் வலது அடிவயிற்றில் பச்சை நிறம் தெரிய ஆரம்பிக்கும். மார்கழியில் அதற்கே இன்னும் அதிக நேரம் ஆகும். ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழு ஆகும் கணக்கை வைத்து நாட்களைச் சொல்லலாம். வயிற்றில் உள்ள உணவும் உதவும், ஆனால் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று யாராவது சொல்ல வேண்டும். மறுபடியும் முதல் கோப்புக்கே வந்து நிற்கிறோம்.

'எதனால்' என்பதில், தண்ணீரில் கிடந்த உடல் எல்லாம் மூழ்கிச் செத்ததல்ல. கழுத்தில் நாவடி எலும்பு முறிந்திருக்கிறதா, தசையில் ரத்தக் கசிவு உண்டா என்று பார்ப்பார்கள். உயிரோடு மூழ்கியவரின் எலும்பு மஜ்ஜைக்குள் அந்தத் தண்ணீரில் வாழும் டயாட்டம் என்ற நுண்பாசி போயிருக்கலாம், எனவே அந்தக் குளத்துத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்து அனுப்ப வேண்டும். உள்ளுறுப்புகள் தடய அறிவியல் துறைக்குப் போகும். நம் மாநிலத்தில் அந்தத் துறையின் வேர் 1849-இல் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கிறது.

ஆளவந்தார் வழக்கில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. மானாமதுரை உடலும் அந்தத் தலையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஒன்று சேர்ந்தன. மனைவி வந்து அடையாளம் காட்டினார்.

பிரிவு மாறுகிறது

அடையாளம் உறுதியானதும் விசாரணை அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டப்பிரிவு மாற்ற அறிக்கை அனுப்புவார். 'மேன் மிஸ்ஸிங்' என்று இருந்தது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 103, அதாவது கொலை, 238, அதாவது தடயத்தை மறைத்தல், என்று மாறும். பழைய 302, 201 என்றால் எல்லோருக்கும் புரியும். பொதுவாக இன்ஸ்பெக்டர் விசாரணையை ஏற்பார். அந்த அறிக்கை எந்தத் தேதியில் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்தெடுப்பார்.

கொலை நடந்த இடம்

உடல் கிடந்த இடமும் கொலை நடந்த இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 176-ஆவது பிரிவு. இதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

கழுவிய தரை சுத்தமாகத் தெரியும். நிபுணர் டைல்ஸ் இடுக்கையும், கட்டில் காலின் அடியையும், குளியலறைச் சாக்கடையின் ஜல்லடையையும் பார்ப்பார். லூமினால் தெளித்தால் இருட்டில் நீல ஒளி வரும். ஆனால் ப்ளீச்சிங் பவுடருக்கும் அது ஒளிரும், எனவே மனித ரத்தமா என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு சுவர், காணாமல் போன பாய், சமீபத்தில் வாங்கிய பெரிய டிரங்கு, இவற்றுக்கும் விலை உண்டு.

கைதும் வாக்குமூலமும்

"கொலையை ஒப்புக்கொண்டார்" என்று செய்தியில் வந்ததும் வழக்கு முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போலீசிடம் சொன்ன ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. ஒரே ஒரு விலக்கு, பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆவது பிரிவில் இருக்கிறது. "அவரை வெட்டினேன், அரிவாளைப் புளியமரத்தடியில் புதைத்தேன், வந்தால் காட்டுகிறேன்" என்று ஒருவர் சொல்லி, அங்கே தோண்டினால் அரிவாள் கிடைக்கிறது என்று வையுங்கள். புதைத்த இடம் அவருக்குத் தெரியும் என்பது மட்டும் சாட்சியமாகும். "வெட்டினேன்" என்ற பகுதி ஆகாது. இந்தப் பிரிவை இப்படித்தான் படிக்க வேண்டும் என்பதை 1946 டிசம்பரிலேயே, அன்று இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தெளிவாக்கிவிட்டது.

எனவே பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் மகஜர்தான் உயிர். எந்த நேரம், எந்த இடம், எந்தச் சாட்சிகள் முன்னிலையில் எடுத்தார்கள் என்பது சரியாக இருக்க வேண்டும். சாட்சிகள் உள்ளூர்க்காரர்களாக இருந்தால் நல்லது, பல வழக்குகளில் அவர்கள் பிறழ்சாட்சி ஆகிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. இப்போது பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 105-ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது நல்ல மாற்றம்.

விஏஓவிடம் சரணடைந்து ஒப்புக்கொண்டார் என்பது தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி வரும். முன்பின் பழக்கமில்லாத அதிகாரியிடம் ஒருவர் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேட்பதும் அதே அளவுக்கு அடிக்கடி வரும். அதை மட்டும் நம்பி நிற்கும் வழக்கு நிற்காது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் அவர் உரிமை. அடித்து வாங்கிய வாக்குமூலம் அநியாயம் என்பதோடு, உண்மைக் குற்றவாளி வெளியே நடமாடவும் அது வழிவிடுகிறது.

உடலே கிடைக்காவிட்டால்

பிணம் இல்லாமல் கொலை வழக்கு இல்லை என்ற நம்பிக்கை ஊரில் உண்டு. அது தவறு. உடல் கிடைக்காவிட்டாலும், இறந்துவிட்டார், கொல்லப்பட்டார் என்று மற்ற ஆதாரங்கள் ஐயமறக் காட்டினால் தண்டிக்கலாம் என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் ராமானந்த் வழக்கில் சொன்னது. ஆனால் பாரம் மிக அதிகம். ஏழு ஆண்டுகள் தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கருதலாம் என்ற சட்டம் சொத்து, வாரிசு விஷயங்களுக்கு உதவும், யார் கொன்றது என்பதற்கு உதவாது.

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளுக்கு 1984-இன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்புதான் அளவுகோல். ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக நிரூபணமாக வேண்டும், சங்கிலி அறுபடக் கூடாது, அந்தச் சங்கிலி குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரையும் சுட்டக் கூடாது. கடைசியாகச் சேர்ந்து பார்த்தார்கள் என்பது மட்டும் போதாது. பார்த்த நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் இடைவெளி கூடக் கூட அதன் வலு குறையும்.

ஆளவந்தார் வழக்கில் சங்கிலி ராயபுரத்தில் ஒரு வீட்டில் போய் முடிந்தது. அங்கே குடியிருந்த தம்பதி பம்பாய்க்குப் போயிருந்தார்கள், பிடித்து வந்தார்கள். ஜூரி குற்றவாளிகள் என்றது. நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் கணவனுக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் கொடுத்தார்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் வழக்கை முடித்தாலும் புகார்தாரருக்கு அறிவிப்பு வர வேண்டும். நம் ஊரில் அதை ஆர்சிஎஸ் (ரெஃபர்டு சார்ஜ் ஷீட்) நோட்டீஸ் என்பார்கள். அது கைக்கு வந்த நாளைக் குறித்துக்கொண்டு, மாஜிஸ்திரேட் முன் ஆட்சேப மனு போடலாம், மேல் விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். புகாரின் போது எழுதிக் கொடுத்த அங்க அடையாளங்களின் நகலும், பெற்றோரின் டிஎன்ஏ மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறதா என்ற விவரமும் அப்போது கையில் இருக்கட்டும்.